ஏடிவி ஹிட்சும் முன்பாரக் கணக்கும்

ஏடிவி, அதாவது கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி, வாங்கினவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இது எவ்வளவு இழுக்கும்? டிரெய்லரை மாட்டும் இணைப்புக்கு ஹிட்ச் என்று பெயர். ஹிட்ச் உருண்டையின் தலையில் ஒரு எண் பொறித்திருக்கும், அந்த உருண்டையைக் கவ்வும் டிரெய்லரின் கப்ளரில் இன்னொரு எண் இருக்கும், ஹிட்ச் சட்டத்தில் ஒட்டின ஸ்டிக்கரில் வேறொன்று, வண்டியின் பின்பக்கத்தில் சேறு மூடிக் கிடக்கும் எச்சரிக்கை ஸ்டிக்கரில் மற்றொன்று. இத்தனை எண்ணில் எது பெரியதோ அதைத்தான் மனசு பிடித்துக்கொள்ளும். ஆனால் நம்ப வேண்டியது இருப்பதிலேயே சின்னதை. அந்தச் சின்ன எண் பெரும்பாலும் வண்டியினுடையதாக இருக்கும், ஹிட்சினுடையதாக இருக்காது. ஹிட்சை எவ்வளவு பலமாக மாட்டினாலும் வண்டியின் எண் ஒரு கிலோகூட ஏறாது.

ஒன்டாரியோவில் லிண்ட்சேக்கு வடக்கே எனக்குத் தெரிந்த ஒரு அண்ணனுக்குக் கொஞ்சம் காட்டு நிலம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர், வேலை டொராண்டோவில், வார இறுதி ஆனால் ஆள் நிலத்தில்தான். நிலத்தில் பாதி பாறை, மீதியில் ஆஷ் மரங்கள், அதிலும் நிறைய பட்டு நிற்பவை. ஆசியாவிலிருந்து வந்த ஒரு மரகதப் பச்சை வண்டு, 2002-இல் டெட்ராய்ட்டிலும் இந்தப் பக்கம் வின்ட்ஸரிலும் முதன்முதலில் கண்ணில் பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகும், மரத்துக்கு நீரும் சத்தும் போகும் வழி அறுந்துவிடும். அப்படித்தான் தெற்கு ஒன்டாரியோவின் ஆஷ் மரங்கள் போயின. பட்ட ஆஷ் நல்ல விறகு, ஆனால் வெட்டும்போது மேல்கிளை சொல்லாமல் கொள்ளாமல் ஒடிந்து விழும், அது தனிக் கதை. வெட்டினதை உள்காட்டிலிருந்து வீட்டடிக்குக் கொண்டுவரத்தான் ஏடிவி, அதன் பின்னால் டிரெய்லர். அந்த விறகை நிலத்தை விட்டு வெளியே கொண்டுபோவதில்லை. விறகோடு சேர்ந்து வண்டும் ஊர் மாறும் என்பதால் அதில் அண்ணன் கண்டிப்பு.

வண்டி ஒரு பழைய ஹோண்டா ரான்சர் 420, பின்பக்கம் ஒரே நேர் அச்சு உள்ள வகை. இந்த விவரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், ஹிட்ச் எங்கே உட்காருகிறது என்பது இதைப் பொறுத்தது. நேர் அச்சு வண்டிகளில் ஹிட்ச் தகடு பின் அச்சுக் கூட்டோடு சேர்ந்திருக்கும். டிரெய்லரின் பாரம் சஸ்பென்ஷனை அமுக்காது, நேராக அச்சுக்கும் டயருக்கும் போய்விடும். வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிற்பதைப் பார்த்து பாரம் கம்மி என்று நினைத்துவிடலாம், அங்கேதான் ஏமாறுவோம். இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் ஹிட்ச் வண்டியின் சட்டத்தில் இருக்கும், பாரம் ஏறினால் பின்பக்கம் கண் முன்னாலேயே இறங்கும், அதுவே ஒரு எச்சரிக்கை. எது நல்லது என்று என்னைக் கேட்டால் விறகு இழுக்க நேர் அச்சுதான் பிடிக்கும். ஆனால் அதில் எடையைக் கண்ணால் மதிப்பிட முடியாது, தராசு வேண்டும்.

பழைய வண்டியில் புது ஹிட்ச் மாட்டும் முன் பழைய தகட்டைக் கழுவிப் பார்க்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சிச் சேற்றை எடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, டார்ச் அடித்துப் பார்த்தபோது இந்த வண்டியின் முந்தின சொந்தக்காரர் எப்படி ஓட்டியிருக்கிறார் என்பது முழுசாகத் தெரிந்தது. துளை வட்டமாக இல்லை, முன்னும் பின்னுமாக நீண்டு முட்டை வடிவத்தில் இருந்தது. பெரிய துளையில் ஒல்லியான போல்ட்டைப் போட்டு, அதையே ஹிட்ச்பின்னாகப் பயன்படுத்தியிருக்கிறார். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் போல்ட் முன்னால் போய் இடித்து, கிளம்பும்போது பின்னால் போய் இடித்து, போல்ட்டின் மரை ஓர் அரம் போலத் துளையைத் தின்றிருக்கிறது. தகட்டின் நுனியும் லேசாகக் கீழே வளைந்திருந்தது. நேரான ஸ்கேலை வைத்தால்தான் தெரியும் அளவு. கீழே வளைந்த தகடு என்றால் முன்பாரம், அதாவது டிரெய்லரின் முன்நுனி ஹிட்சைக் கீழே அமுக்கும் எடை, அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வளைந்ததைச் சூடுபோட்டுத் தட்டி நிமிர்த்தலாம் என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். வேண்டாம். ஒருமுறை வளைந்து, மறுபடி நிமிர்த்தின இடம் அடுத்த முறை வளையாது, விரிசல் விடும். வெல்டிங் வைத்துத் துளையைச் சுருக்குவதும் அப்படித்தான், அதுவும் அச்சுக் கூட்டுக்கு அருகில் வெல்டிங் என்றால் உள்ளே இருக்கும் பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் சூடு போகும். புதுத் தகடு போட்டுவிடுவதே மேல். அதே நேரத்தில் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். சக்கரம் ஆடினால், டக் டக் என்று சத்தம் வந்தால், ஹிட்ச் வேலையை நிறுத்திவிட்டு முதலில் பேரிங்கைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஆடவில்லை.

அடுத்தது எந்த வகை இணைப்பு என்பது. அண்ணனிடம் இரண்டு டிரெய்லர். ஒன்று கவிழ்த்துக் கொட்டும் சின்ன இரும்பு வண்டி, அதன் ஏர்க்காலின், அதாவது முன்னால் நீளும் இழுதண்டின், நுனியில் இரண்டு காது, நடுவே ஹிட்ச்பின் போட்டு மாட்டுவது. இன்னொன்று மரப்பலகை போட்ட தட்டு டிரெய்லர், அதில் ஒன்றே முக்காலும் அரைக்கால் அங்குலமும் சேர்ந்த, அதாவது 1⅞ அங்குல உருண்டைக்கான கப்ளர். உருண்டைகளில் பரவலாகக் கிடைப்பவை 1⅞, 2, 2 5⁄16 அங்குலம். அளவு உருண்டையின் தலையிலேயே பொறித்திருக்கும், கப்ளரிலும் பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 அங்குலக் கப்ளர் 1⅞ உருண்டையின் மேல் அழகாக உட்காரும், தாழ்ப்பாளும் போடும், சமதரையில் ஒழுங்காகவும் வரும். ஒரு வேர் மேல் ஏறி இறங்கும்போது துள்ளி வெளியே வந்துவிடும்.

காட்டுக்குள் போவதற்கு எது மேல் என்று கேட்டால் ஹிட்ச்பின் போட்டு மாட்டும் வண்டிதான் என்பேன், ஆனால் ஒரு நிபந்தனை: ஏர்க்கால் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். டிரெய்லரின் ஒரு சக்கரம் பாறை மேல் ஏறி மற்றது பள்ளத்தில் இருக்கும்போது டிரெய்லர் சாயும். ஏர்க்கால் சுற்றினால் டிரெய்லர் மட்டும் சாயும், கவிழ்ந்தாலும் தனியாகக் கவிழும். சுற்றாத ஏர்க்கால் என்றால் அந்த முறுக்கு முழுக்க ஏடிவிக்கு வந்து அதையும் சாய்க்கப் பார்க்கும். உருண்டையில் கப்ளர் கொஞ்சம் சாய இடம் கொடுக்கும், ஓரளவுக்கு மேல் இடித்து நின்றுவிடும். தட்டு டிரெய்லரை முற்றத்திலும் வண்டிப்பாதையிலும் மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவானது.

இரண்டையும் மாற்றி மாற்றி மாட்ட வேண்டும் என்பதால், தகட்டோடு பொருந்தும் 2 அங்குலச் சதுரக் குழாய் ஒன்றை வாங்கினோம். ரிசீவர் என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தருவார்கள், பிரின்சஸ் ஆட்டோ மாதிரி கடைகளில் ஒரு வரிசை முழுக்க இதுதான். சின்ன ஏடிவிகளுக்கு 1¼ அங்குலக் குழாயும் உண்டு. 2 அங்குலக் குழாய்க்கு குறுக்கே போடும் பின் ⅝ அங்குலம், 1¼ குழாய்க்கு அரை அங்குலம், இது பொதுவாக மாறாது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பதை விட்டுவிட்டு உங்கள் மாடலுக்கென்றே வருவதை எடுப்பது. எல்லாவற்றுக்கும் பொருந்துவது பெரும்பாலும் ஒற்றை போல்ட்டில் நிற்கும். ஒற்றைப் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும், ரிவர்ஸில் டிரெய்லர் மடங்கித் தள்ளும்போது குழாய் அந்தப் போல்ட்டைச் சுற்றித் திரும்பிவிடும். இரண்டாவதாக ஒரு பிடிமானம் கட்டாயம் இருக்க வேண்டும்.

கடையில் உருண்டை எடுக்கும்போதுதான் இந்த எண் பிரச்சினை முளைத்தது. அண்ணன் 2 அங்குல உருண்டை ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்தார், முக்கால் அங்குலத் தண்டு, தலையில் 3500 பவுண்டு என்று இருந்தது.

“உதிலை மூவாயிரத்தைஞ்ஞூறு இறாத்தல் எண்டு அடிச்சுக் கிடக்குத் தம்பி. பிறகென்ன, எல்லாத்தையும் ஒரே தடவையிலை ஏத்தலாம்.”

“அது உருண்டை தாங்குற எடை அண்ணே. வண்டி தாங்குறது 385 கிலோ, நம்ம டிரெய்லரோட சேர்த்து.”

“அப்ப இறாத்தல் கணக்கிலை?”

“848.”

அவர் உருண்டையைத் திரும்ப வைத்துவிட்டு டிரெய்லருக்குப் பொருந்தும் 1⅞-ஐ எடுத்தார். அதில் 2000 பவுண்டு என்று இருந்தது. அதுவும் வண்டியின் அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல்தான்.

இப்போது அந்த 385-ஐ விறகில் போட்டுப் பார்ப்போம். இங்கே விறகை கார்டு கணக்கில் விற்பார்கள், 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், 128 கன அடி. அதில் மூன்றில் ஒரு பங்குதான் முகக் கார்டு என்பது, 16 அங்குலத் துண்டுகளை ஒரே வரிசையாக அடுக்கினது. முழுக் கார்டு ஆஷ் காய்ந்த நிலையிலேயே ஒன்றரை டன் பக்கம் வரும், ஆக முகக் கார்டு அரை டன். டிரெய்லரின் சொந்த எடை 70 கிலோ போனால் நமக்கு மிச்சம் 315 கிலோ. அதாவது நன்றாகக் காய்ந்த ஆஷ் என்றாலும் ஒரு முகக் கார்டைக் குறைந்தது இரண்டு நடையாகத்தான் கொண்டுவர முடியும். ஈர மேப்பிள் என்றால் முழுக் கார்டு 2 டன்னைத் தாண்டும், அப்போது மூன்று நடை. இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளாமல் டிரெய்லர் தொட்டி நிறையும்வரை போட்டால், தொட்டி நிறைவதற்குள்ளேயே அளவு தாண்டியிருக்கும்.

மாட்டும் வேலைக்கு வருகிறேன். பழைய தகட்டின் போல்ட்டுகள் துருப்பிடித்துப் பாறை மாதிரி இருந்தன. முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டும், ஒன்றின் தலை முறிந்துகொண்டு வந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைக்கும், நடுவில் குறி அடித்து மெதுவாகத் துளைத்தால் பாதி வழியிலேயே மிச்சப் போல்ட் பிட்டோடு சேர்ந்து கழன்று வந்துவிடும். எங்களுக்கு அப்படி வந்தது. வராத ஆட்களின் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

புதுப் போல்ட்டு எடுக்கும்போது தலையைப் பாருங்கள். மில்லிமீட்டர் போல்ட்டில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். அங்குலப் போல்ட்டில் எண் இருக்காது, கோடு இருக்கும்: மூன்று கோடு என்றால் கிரேடு 5, ஆறு கோடு என்றால் கிரேடு 8. எதுவுமே இல்லாத மொழுக்கைத் தலைப் போல்ட்டு கதவு கீலுக்குச் சரி, ஹிட்சுக்கு ஆகாது. நீளமும் முக்கியம், துளைக்குள் நிற்கும் பகுதி மரை இல்லாத வழவழப்பான தண்டாக இருக்க வேண்டும். மரை துளைக்குள் நின்றால் முந்தின ஆளின் கதைதான் திரும்ப நடக்கும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு அதிர்வில் கழலாது, ஆனால் சைலன்சர் சூடு படும் இடத்தில் அந்த நைலான் இளகிப் பிடியை விட்டுவிடும், அங்கே முழு இரும்பில் செய்த இறுக்கு நட்டு போடுவது நல்லது. போல்ட்டுப் பசை போடுவதாக இருந்தால் நீல நிறம் போதும். சிவப்பைப் போட்டால் அடுத்த முறை கழற்ற நெருப்பு வைக்க வேண்டிவரும்.

முதலில் எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றி, குழாய் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கினால் மறுபக்கத் துளை ஒத்துவராது, அப்புறம் சுத்தியலை எடுக்கத் தோன்றும். இறுக்குவதற்கு, எவ்வளவு இறுக்கியிருக்கிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச் வேண்டும். உருண்டையின் நட்டுக்கு, முக்கால் அங்குலத் தண்டு என்றால் வழக்கமாகச் சொல்லும் அளவு 160 அடி-பவுண்டு, 1 அங்குலத் தண்டு என்றால் 250. 160 என்பது நிறைய. சாதாரண ஸ்பேனரில் கை வலிக்க இறுக்கினாலும் அதில் பாதிதான் வந்திருக்கும். உருண்டையை ஏடிவியில் மாட்டிக்கொண்டு இறுக்க முயன்றால் வண்டியே நகரும், அதைப் பெஞ்ச் வைஸில் பிடித்து இறுக்கிவிட்டு அப்புறம் குழாயில் செருகுவது சுலபம். குழாய்க்குள் செருகும் முன் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பனிக்காலம் போனதும் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

உருண்டையைத் தாங்கிக் குழாயில் செருகும் கம்பி எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக இருக்கட்டும். காருக்கான நீளக் கம்பி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், உருண்டை பின் அச்சிலிருந்து தள்ளிப்போகும், அதே பாரம் அதிக நெம்புகோல் போட்டு முன்சக்கரங்களைத் தூக்கும். ரொம்பக் குட்டையாகவும் ஆகக்கூடாது, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது டிரெய்லரின் மூலை பின்டயரில் உரசும். இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, காலி டிரெய்லரை மாட்டி, இரண்டு பக்கமும் முழு ஒடிப்பில் மெதுவாகத் திருப்பி, ஒருவர் இறங்கி நின்று பார்ப்பது. பிறகு ஒரு சின்ன மேட்டில் ஏற்றி இறக்கியும் பாருங்கள், ஏர்க்காலில் இருக்கும் நிறுத்துகால் பின்பக்கக் கேரியரில் போய் இடிக்கும் வண்டிகள் உண்டு.

உயரம். டிரெய்லர் சமமாக நிற்க வேண்டும், அதற்காக ஹிட்சைத் தூக்கி வைக்கும் கம்பி ஒன்று கடையில் தொங்கும். ஏடிவியில் அதை வாங்குவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். இழுக்கும் புள்ளி பின் அச்சுக்குக் கீழே இருக்கும்வரை, சுமை எங்காவது மாட்டி நின்றுவிட்டாலும் வண்டியின் முன்பக்கம் எளிதில் எழும்பாது. புள்ளி அச்சுக்கு மேலே போய்விட்டால், மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது வண்டி பின்னோக்கி மல்லாக்க விழப் பார்க்கும். கயிற்றைப் பின்பக்கக் கேரியர் கம்பியில் கட்டி மரக்கட்டையை இழுப்பதும் இதே தப்பு, அதை ஊரெல்லாம் செய்கிறார்கள். அதனால் சமன் செய்ய வேண்டுமானால் டிரெய்லர் பக்கம் செய்யுங்கள். ஏர்க்காலின் காதுகளைத் திருப்பிப் போட்டாலே சில அங்குலம் இறங்கும்.

இனி முன்பாரம். ஊரில் மாட்டுவண்டி ஓட்டினவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை: முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும், பின்பாரம் ஆனால் ஏர்க்கால் மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு இறுகும். ஏடிவியிலும் அதேதான், முன்பாரம் கூடினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது, பின்பாரம் ஆனால் பின்சக்கரம் லேசாகி பிரேக் பிடிக்காது. கார்களுக்குச் சொல்லும் விதி, மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரம் இருக்கட்டும் என்பது. 385 கிலோவுக்கு அது 38 கிலோவுக்கு மேல் வரும். ஆனால் இந்த வண்டியின் ஸ்டிக்கர் 15 கிலோவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. வேறு கம்பெனி வண்டிகளில் இன்னும் அதிகம் விடுவார்கள், சிலவற்றில் பின்பக்கக் கேரியரில் ஏற்றினதையும் இதோடு சேர்த்துக் கணக்கு பார்க்கச் சொல்வார்கள். காரில் படித்த விதியை ஏடிவிக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது.

15 கிலோவை எப்படி அளப்பது? குளியலறைத் தராசு போதும். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிற்க வைத்து, ஹிட்ச் இருக்கும் அதே உயரத்தில் ஏர்க்காலின் நுனியை அதன் மேல் உட்கார வைக்க வேண்டும். காலி டிரெய்லரிலேயே 5 கிலோ காட்டியது. அதாவது விறகுக்கு மிச்சம் 10. சக்கர அச்சிலிருந்து ஏர்க்கால் நுனி வரை 150 சென்டிமீட்டர். 300 கிலோ விறகின் நடுமையம் அச்சுக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், 300-ஐ 5-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 10 கிலோ. சரியாக வந்துவிட்டது. 5 சென்டிமீட்டர் என்பது மூன்று விரல் அகலம் கூட இல்லை. தொட்டியின் பக்கவாட்டில் அச்சுக்கு நேராகப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, முதல் அடுக்கு பருமனான துண்டுகளை அந்தக் கோட்டுக்கு முன்னும் பின்னும் சமமாக வைத்து, கடைசியில் நாலைந்து துண்டு மட்டும் முன்பக்கம் போடுவது என்று பழக்கிக்கொண்டோம். கோடு போட்ட பிறகு தராசு அதிகம் தேவைப்படவில்லை.

மேடு வந்தால் இந்தக் கணக்கு மாறும், பலரும் இதை யோசிப்பதில்லை. விறகின் நடுமையம் அச்சுக்கு மேலே 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 டிகிரி ஏற்றத்தில், அதாவது ஒரு மீட்டருக்கு 27 சென்டிமீட்டர் ஏறும் பாதையில், அந்த மையம் அச்சைப் பொறுத்துப் பின்பக்கமாக 10 சென்டிமீட்டருக்கு மேல் சாயும். நாம் முன்னால் வைத்ததே 5 தான். ஆக ஏற்றத்தின் நடுவில் முன்பாரம் போய்ப் பின்பாரம் ஆகிவிடும், ஏர்க்கால் ஹிட்சை மேலே தூக்கும். கப்ளரின் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா, ஹிட்ச்பின்னின் அடியில் கிளிப் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில்தான் முக்கியமாகும். உயரமாக அடுக்காதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் இதுதான், உயரம் பாதியானால் இந்தச் சாய்வும் பாதி. பின்பக்கக் கதவு இல்லாத டிரெய்லரில் விறகு வழுக்கிப் பின்னால் போனால் இன்னும் மோசம், பட்டை வைத்துக் கட்டிவிடுங்கள்.

இறக்கத்தில் நேரெதிர். முன்பாரம் கூடும், அதோடு 370 கிலோ டிரெய்லர் அதே 15 டிகிரி சரிவில் வண்டியைப் பின்னாலிருந்து 95 கிலோ விசையில் தள்ளும். இந்த டிரெய்லர்களில் பிரேக் கிடையாது. மேலே இருந்தே கீழ் கியரில் போட்டு, எஞ்சின் பிடிப்பிலேயே நேராக இறங்க வேண்டும், இறக்கத்தில் வளைந்தால் டிரெய்லர் வண்டியின் பின்பக்கத்தைத் தள்ளித் திருப்பிவிடும். போலாரிஸ் வண்டிகளின் கையேட்டில் இழுவையோடு 16 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே, கரடுமுரடிலும் திருப்பத்திலும் மேடு பள்ளத்திலும் 8 கிலோமீட்டரைத் தாண்டாதே என்று இருக்கும். ஹோண்டாக்காரர்களும் அதைப் பின்பற்றலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அண்ணனின் நிலத்தில் ஒரு சரிவு இருக்கிறது, அதில் பாதி பாரம்தான் என்று முடிவாகிவிட்டது. சரிவுக்கு மேலேயே ஒரு குவியல் போட்டுவைத்து, இரண்டு நடையாக இறக்குகிறோம்.

டயர் காற்றையும் இதோடு சொல்லிவிட வேண்டும். ரான்சர் டயருக்கு 3.6 பிஎஸ்ஐ-தான். பாரம் இழுக்கிறோமே என்று கார் மாதிரி 30 ஏற்றிவிடுபவர்கள் உண்டு, டயர் பந்தாகி நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிடிப்பு போய்விடும். காருக்கான அளவுமானியில் 3.6 தெரியவே தெரியாது, முள் அசையாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே சின்ன அளவுமானி தனியாக விற்கிறது, ஒன்று வாங்கி ஹேண்டில்பார் பையில் போட்டு வையுங்கள்.

பாதுகாப்புச் சங்கிலி தட்டு டிரெய்லரில் இருந்தது, கொட்டு வண்டியில் இல்லை, வாங்கிச் சேர்த்தோம். இரண்டு சங்கிலியையும் ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும், ஏர்க்கால் கழன்று விழுந்தால் அந்தக் குறுக்கில் தொங்கும், தரையில் குத்தாது. மாட்டும் இடம் ரிசீவர் சட்டத்தில் இருக்கும் வளையமாக இருக்கட்டும். உருண்டையின் கழுத்திலேயே சங்கிலியைச் சுற்றிவிட்டால் உருண்டை போகும்போது சங்கிலியும் சேர்ந்து போகும்.

புதுசாக இறுக்கின போல்ட்டு முதல் சில நடைக்குப் பிறகு கொஞ்சம் தளரும், தகடும் பெயின்ட்டும் அமுங்குவதால் அது இயல்பு. முதல் நாள் வேலை முடிந்ததும் ஒருமுறை டார்க் ரென்ச்சைப் போட்டுப் பாருங்கள். பிறகு நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், கோடு விலகியிருக்கிறதா என்று கடந்து போகும்போதே தெரிந்துவிடும். உருண்டைக்கு லேசாக கிரீஸ், நிறையப் போட்டால் மண் ஒட்டி அதுவே அரைக்கும். பனிக்காலத்தில் கப்ளருக்குள் தண்ணீர் நின்று உறைந்தால் தாழ்ப்பாள் விழுந்தது போலத் தோன்றும், விழுந்திருக்காது. மாட்டினதும் ஏர்க்காலைக் கையால் மேலே ஒரு இழு இழுத்துப் பார்ப்பது அதற்குத்தான்.

டிரெய்லர் இல்லாதபோது செருகுகம்பியைக் கழற்றி வைத்துவிடுங்கள். துரு பிடிக்காது என்பது ஒரு காரணம். வண்டியைச் சுற்றி நடக்கும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பில் சரியாக அந்த உருண்டை வந்து இடிக்கும் என்பது இன்னொன்று, அண்ணன் இப்போது கழற்றி வைப்பது இரண்டாவது காரணத்துக்காகத்தான்.